வேறு லேப்பில் நெகட்டிவ்

எங்கள் தெருவில் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் படிக்கத் தெரியாதவர் ஒருவரும் இல்லை. ராயபுரத்தில் மாதா கோயிலுக்குப் பின்னால் இருக்கிற சின்னத் தெரு அது. பால் போடுகிறவர் படிப்பார், இஸ்திரி போடுகிறவர் படிப்பார், என் நாத்தனார் கண்ணாடி போடாமலே படிப்பார். டாக்டர் ஒருத்தர்தான் அதைப் பார்த்துவிட்டு யோசிப்பார். மற்றவர்களுக்கு யோசனையெல்லாம் கிடையாது. என் மகளுக்கு ஆறு வயதில் முட்டி வீங்கியபோது எனக்கு இலவசமாகக் கிடைத்த வைத்திய ஆலோசனையை வைத்து ஒரு ஆஸ்பத்திரியே திறந்திருக்கலாம்.

காலையில் எழுந்ததும் நொண்டுவாள். பாத்ரூம் வரைக்கும் சுவரைப் பிடித்துக்கொண்டு போவாள். ஸ்கூல் ஆட்டோ வருகிற நேரத்துக்குக் கால் கொஞ்சம் இளகிவிடும். சாயங்காலம் தெருப் பிள்ளைகளோடு ஓடுவாள். காலையில் நொண்டி சாயங்காலம் ஓடுகிற பிள்ளையை ஊர் என்னவென்று சொல்லும்? நடிக்கிறாள் என்று டீச்சர் சொன்னார். சிக்குன்குனியா என்று எதிர் வீட்டில் சொன்னார்கள். எண்ணூர்ப் புகைதான் காரணம் என்று மாடி வீட்டுக்காரர் சொன்னார். அவருக்குத் தலைமுடி கொட்டினாலும் எண்ணூர்ப் புகைதான் காரணம்.

என் வீட்டுக்காரர் டிரெய்லர் ஓட்டுகிறவர். எண்ணூர்த் துறைமுகத்திலிருந்து மணலி யார்டுக்கும், அங்கிருந்து திரும்பவும் கன்டெய்னர் ஏற்றிப் போவது அவர் வேலை. "எங்கனா வியுந்து வாரியிருப்பா, சொல்லமாட்றா" என்று அவராகவே முடிவு செய்து, என்னைக் கேட்காமல் பிள்ளையைக் கூட்டிப்போய்ப் புத்தூர் கட்டுப் போட்டுவிட்டு வந்தார். நான் பாரிமுனையில் கப்பல் சரக்குக்குக் கஸ்டம்ஸ் வேலை முடித்துக் கொடுக்கிற ஒரு கிளியரிங் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். சாயங்காலம் வீடு வந்து பார்த்தால், பிள்ளையின் கால் முழுக்கத் துணி சுற்றி, முட்டை வெள்ளைக்கரு நாற்றத்தோடு சோபாவில் உட்கார்ந்திருக்கிறாள். எலும்பு உடையாத காலுக்குக் கட்டு எதற்கு என்று கேட்டேன். "ஒடஞ்சிட்டா இன்னா பண்ணுவ?" என்றார்.

கட்டைப் பிரித்தபோது தொடை இளைத்திருந்தது. முட்டி மட்டும் முன்போலவே வீங்கியிருந்தது. அதற்குப் பிறகுதான் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

அங்கே இருந்த டாக்டரம்மா முட்டியைத் தொட்டுப் பார்த்தார், மடக்கினார், நீட்டினார், ரத்தம் எடுக்கச் சொன்னார். அடுத்த முறை போனபோது, குழந்தைகளுக்கு வருகிற மூட்டு வாதம் இது என்றார். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தி, ஆள் மாறி உடம்பையே தாக்குகிறது. முட்டிக்குள் ஒரு ஊசி போட்டால் வீக்கம் வடிந்துவிடும் என்றார். ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகச் சொன்னார். பெரியவர்களுக்குப் பார்க்கிற ருமட்டாய்டு ஃபேக்டர் இவளுக்கு நெகட்டிவ். அழற்சியைக் காட்டுகிற இ.எஸ்.ஆர். கொஞ்சம் கூட. ஏ.என்.ஏ. என்று ஒன்று பாசிட்டிவ்.

"இந்த ஏ.என்.ஏ. நோயில்லாத குழந்தைங்களுக்கும் பாசிட்டிவா இருக்கும். அதைப் பார்த்து பயப்படாதீங்க. ஆனா இந்த வயசுல, பெண் குழந்தைக்கு, ஒண்ணு ரெண்டு மூட்டு வீங்கி, இதுவும் பாசிட்டிவா இருந்தா, கண்ணுக்குள்ள அழற்சி வர வாய்ப்பு ஜாஸ்தி. கண்ணு சிவக்காது, வலிக்காது, தண்ணி வராது. குழந்தை எதுவும் சொல்லாது. அதனால மூணு மாசத்துக்கு ஒரு தடவை கண் டாக்டர்கிட்ட காட்டியே ஆகணும். முட்டி நல்லாயிட்டாலும் காட்டணும்" என்றார்.

இவ்வளவுதான் அந்த ரிப்போர்ட் சொன்னது. கண்ணைப் பார், தவறாமல் பார். இதைவிடச் சுலபமாக ஒரு டாக்டர் சொல்ல முடியாது. எங்கள் வீட்டில் இருந்த மூன்று பெரியவர்களில் அதைக் கேட்டவள் நான் ஒருத்திதான். மற்ற இருவரின் காதில் பாசிட்டிவ் என்ற சொல் விழுந்ததும் காது அடைத்துக்கொண்டது.

நாத்தனார் காசிமேட்டில் மீன் ஏலம் எடுத்து வியாபாரம் செய்கிறவர். அவருக்குக் கல்யாணமாகிப் புருஷனை இழந்த பிறகு எங்களோடுதான் இருக்கிறார். என்னைவிட நல்லவர், என்னைவிடப் பிடிவாதக்காரர். "ரத்தத்துல விஷம் ஏறிக்கினு கீது" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, மறுநாள் முதல் பிள்ளைக்கு மீனை நிறுத்தினார். காலையில் கூடை கூடையாக மீன் வாங்கி விற்கிறவர், வீட்டுக்கு வந்ததும் பிள்ளையின் தட்டில் நெத்திலி விழுகிறதா என்று காவல் காப்பார். டாக்டர் மீனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை என்றேன். "டாக்டருக்கு மீனப் பத்தி இன்னா தெரியும்?" என்றார். மீனைப் பற்றித் தெரியாதுதான்.

முதல் தடவை கண் ஆஸ்பத்திரிக்கு நானே கூட்டிப் போனேன். தாடையை ஒரு தாங்கியில் வைத்து, நெற்றியைப் பட்டையில் சாய்த்து, மெல்லிய வெளிச்சக் கீற்றைக் கண்ணுக்குள் விட்டுப் பார்க்கிற கருவி அது. பயப்படாமல் உட்கார்ந்தாள். சுத்தமாக இருக்கிறது, மூன்று மாதம் கழித்து வாருங்கள் என்றார்கள். முட்டியும் ஊசிக்குப் பிறகு வடிந்துவிட்டது. காலையில் நொண்டுவதும் நின்றது. எனக்கு மூச்சு வந்தது.

என் வீட்டுக்காரருக்கு மூச்சு வரவில்லை. அவருக்கு அந்தப் பாசிட்டிவ் உறுத்திக்கொண்டே இருந்தது. வீக்கம் போய்விட்டது, நொண்டல் போய்விட்டது, இது மட்டும் ஏன் போகவில்லை? தண்டையார்பேட்டையில் ஒரு லேப்பில் தானாகவே கூட்டிப் போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தார். அதிலும் பாசிட்டிவ். அன்று சாப்பிடவில்லை. இது ஏறி இறங்குகிற காய்ச்சல் இல்லை, நோய் அடங்கியிருந்தாலும் இது அப்படியே இருக்கும், திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்க வேண்டியதில்லை என்று டாக்டரம்மா சொன்னதை நான் நாள் தவறாமல் சொன்னேன். சுவரிடம் சொல்லியிருந்தால் சுவராவது எதிர்த்துப் பேசாமல் இருந்திருக்கும்.

ஜூலையில் இரண்டாவது கண் பரிசோதனை. அன்று ஆபீஸில் எனக்கு லீவு கிடைக்கவில்லை. "நான் இட்டுகினு போறேன், நீ ஆபீஸ் போ" என்றார். நம்பி அனுப்பினேன். பிள்ளையின் சீட்டு, ஃபைல், டோக்கன் வாங்குகிற இடம், எல்லாம் சொல்லிக் கொடுத்தேன்.

சாயங்காலம் தெருமுனையிலேயே என்னை வரவேற்றார்கள். எதிர் வீட்டு அம்மா கையைப் பிடித்துக்கொண்டு, மாதா கண் திறந்துட்டா என்றார். நாத்தனார் வாசலில் நின்று எல்லோருக்கும் லட்டு கொடுத்துக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் நடுவில் நின்றுகொண்டு, ஒரு காகிதத்தைத் தூக்கிக் காட்டினார்.

"நெகட்டிவ் வந்துட்ச்சு."

கண்ணில் எதற்கு நெகட்டிவ் என்று எனக்கு விளங்கவில்லை. காகிதத்தை வாங்கிப் பார்த்தேன். திருவொற்றியூரில் ஒரு லேப்பின் பெயர் போட்டிருந்தது. அங்கே எடுத்த ஏ.என்.ஏ. அது.

"கண் ஆஸ்பத்திரி?"

"அத்த இன்னாத்துக்கு? ரத்தத்துலயே இல்லன்னு வந்துட்ச்சு. இல்லாத ஒண்ணுக்குக் கண்ண இன்னாத்துக்குப் பாக்கறது?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. டிரெய்லர் ஓட்டுகிற அத்தனை பேருக்கும் தெரிந்த வித்தை அது. ஒரு எடை மேடையில் வண்டியை ஏற்றுவார்கள். பாரம் கூட என்று சீட்டு வந்தால் கன்டெய்னர் பொட்டியை இறக்க மாட்டார்கள். ரோடு ஓரமாகவே அடுத்த எடை மேடைக்குப் போவார்கள். அங்கே கொஞ்சம் குறைத்துக் காட்டும். இல்லாவிட்டால் அதற்கடுத்தது. எங்காவது ஒரு மேடையில் சரியான எடை வரும். அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு துறைமுக கேட்டுக்குள் போய்விடுவார்கள். பொட்டிக்குள் இருக்கிற சரக்கு ஒரு கிராம்கூடக் குறைந்திருக்காது. சீட்டு சரியாக இருந்தால் போதும், கேட் திறந்துவிடும். இருபது வருஷமாக இப்படியே வண்டி ஓட்டிப் பழகிய மனிதர், பிள்ளையின் ரத்தத்தையும் மூன்றாவது மேடையில் நிறுத்தி எடைபோட்டுச் சீட்டு வாங்கிவிட்டார்.

நான் கத்தவில்லை. லட்டைக் கையில் வைத்துக்கொண்டு எப்படிக் கத்துவது? உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, வாயில் வந்ததையெல்லாம் தலையணையிடம் சொன்னேன்.

டாக்டரம்மாவிடம் போய் அந்தக் காகிதத்தைக் காட்டினேன். அவருக்குக் கோபம்கூட வரவில்லை. இப்படி நிறையப் பேர் வருகிறார்கள் போலிருக்கிறது. "ஒரு லேப்புல மைக்ராஸ்கோப்புல பார்ப்பாங்க, இன்னொரு லேப்புல மிஷின்ல போடுவாங்க. முறை வேற, அதனால ரிசல்ட்டும் மாறும். நெகட்டிவ்னே வெச்சுக்குவோம். அப்பவும் நான் கண்ணைப் பாருங்கன்னுதான் சொல்வேன். போனீங்களா?" என்றார். போகவில்லை என்று சொல்ல எனக்கு நாக்கூசியது.

கண் ஆஸ்பத்திரியில் குழந்தைகளுக்கான அந்தப் பிரிவு வாரத்தில் ஒரு நாள்தான். தவறவிட்டவர்களுக்கு வரிசையின் கடைசியில்தான் தேதி. கெஞ்சிப் பார்த்தேன். ஆகஸ்ட் கடைசியில் ஒரு நாள் போட்டுக் கொடுத்தார்கள். அது மாதா திருவிழாவுக்குக் கொடியேற்றுகிற நாள் என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் காலண்டரில் பார்த்தேன்.

எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவர்களுக்கு அந்த நாளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. காவி உடுத்தி, வெறுங்காலோடு, விடிவதற்கு முன் கிளம்பி, கடற்கரை ரோடு வழியாகப் பெசன்ட் நகர் மாதா கோயிலுக்கு நடப்பார்கள். என் வீட்டுக்காரர் பிள்ளையின் முட்டி வீங்கியிருந்தபோது வேண்டிக்கொண்டிருக்கிறார், குணமானால் பிள்ளையே நடந்து வருவாள் என்று. வாதம் வந்த முட்டிக்கு நேர்த்திக்கடனாக அந்த முட்டியையே ராயபுரத்திலிருந்து பெசன்ட் நகர் வரை நடக்கவைக்க வேண்டும் என்று எந்த அப்பனுக்குத் தோன்றும்? என் வீட்டுக்காரருக்குத் தோன்றியது. நாத்தனார் காவித் துணி எடுத்து கவுன் தைத்து, பனியன் பெட்டியில் மடித்து வைத்திருந்தார்.

"அன்னிக்குக் கண் ஆஸ்பத்திரி" என்றேன்.

"இன்னாமே நீ, மாதா கொணமாக்கிக் குட்த்த புள்ளைய திரும்ப டாக்டராண்ட இஸ்துகினு போவியா? நன்றி சொல்லப் போற அன்னிக்கே சந்தேகப்பட்டா, அந்தம்மா இன்னா நெனப்பா?" என்றார் நாத்தனார்.

"ஒண்ணும் நெனக்க மாட்டாங்க அக்கா. அவங்களும் புள்ள பெத்தவங்கதான்."

"ரிப்போட்டே சொல்லுது ஒண்ணுமில்லன்னு. நீ ஏன் பேஜாரு பண்ற?" என்றார் என் வீட்டுக்காரர்.

எனக்கும் மாதாமேல் நம்பிக்கை உண்டு. ஊசி போட்ட அன்று நானும் ஜெபமாலையை உருட்டிக்கொண்டுதான் வெளியே உட்கார்ந்திருந்தேன். ஆனால் மாதாவுக்குக் கண் ஆஸ்பத்திரியோடு பகை என்று நான் கேள்விப்பட்டதில்லை. எத்தனை சொல்லியும் பலனில்லை. வேறு நாள் கேட்கலாமே என்றார்கள். வேறு நாள் என்றால் தீபாவளிக்குப் பக்கத்தில் போய்விடும். அதையும் சொன்னேன். யார் காதிலும் ஏறவில்லை. கடைசியில் நான் வாயை மூடிக்கொண்டேன். நான் வாயை மூடிக்கொண்டால் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்று கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் கற்றுக்கொள்ளவே இல்லை.

அன்று விடிகாலையில் எல்லோரோடும் நானும் நடந்தேன். பிள்ளை காவிக் கவுனில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் போனாள். அவளுக்கு ஒரே சந்தோஷம். கூட்டம், பாட்டு, வழியெல்லாம் பிஸ்கட்டும் மோரும் கொடுக்கிறவர்கள். என் தோள்பையில் தண்ணீர் பாட்டிலுக்குக் கீழே ஆஸ்பத்திரி ஃபைல் இருந்தது. பாரிமுனையில் மோர் கொடுக்கிற இடத்தில் கூட்டம் தேங்கியது. பிள்ளைக்கு பாத்ரூம் வருகிறது என்று சொல்லிக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், முதலில் கிடைத்த ஆட்டோவில் ஏற்றினேன்.

"பாத்ரூம் வர்லம்மா" என்றாள்.

"தெரியும்."

ஆட்டோ ரயில்வே ஸ்டேஷனைத் தாண்டியதும் போன் செய்து அவரிடம் சொன்னேன். பதிலுக்கு அவர் சொன்னதை, அதுவும் மாதாப் பாட்டு பின்னால் கேட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னதை, இங்கே எழுத முடியாது.

கண் ஆஸ்பத்திரியில் முதலில் எழுத்துப் படிக்கச் சொல்கிற அறை. வரிசையில் எங்களுக்கு முன்னால் நிறையப் பிள்ளைகள். காவிக் கவுனில் வெறுங்காலோடு நின்ற என் பிள்ளையை எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள். அவள் முறை வந்தது. வலது கண்ணைப் பொத்திக்கொண்டு இடது கண்ணால் படித்தாள், சரியாக. பிறகு இடது கண்ணைப் பொத்திக்கொண்டாள். கடகடவென்று ஒப்பித்தாள், ஒரு எழுத்துகூடத் தப்பவில்லை. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அங்கிருந்த பெண் பலகையில் எழுத்துகளை மாற்றிவிட்டு, இப்போது படி என்றாள்.

பிள்ளை படிக்கவில்லை. அந்தப் பெண் எழுத்தைப் பெரிதாக்கினாள். படிக்கவில்லை. இன்னும் பெரிதாக்கினாள். பிள்ளை என்னைத் திரும்பிப் பார்த்தாள், பரீட்சையில் மாட்டிக்கொண்டவளாக. முன்னால் நின்ற பிள்ளைகள் படித்ததைக் காதால் கேட்டே மனப்பாடம் செய்துவிட்டிருந்தாள்.

டாக்டர் அந்த வெளிச்சக் கருவியில் வெகுநேரம் பார்த்தார். வலது கண்ணுக்குள் அழற்சி இருக்கிறது என்றார். கண்ணின் பாப்பா வட்டமாக இல்லை, ஒரு பக்கம் பின்னாலிருக்கிற லென்ஸோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆரம்பித்துக் கொஞ்ச காலம் ஆகியிருக்கும். சொட்டு மருந்து உடனே ஆரம்பிக்க வேண்டும், பிரிகிறதா பார்க்கலாம். எவ்வளவு பார்வை திரும்பும் என்று இப்போது சொல்ல முடியாது. போன தேதிக்கு ஏன் வரவில்லை என்று ஃபைலைப் புரட்டிக்கொண்டே கேட்டார்.

அப்போதுதான் என் வீட்டுக்காரர் வந்து சேர்ந்தார். காவி வேட்டி, வெறுங்கால், வியர்வை. சண்டைக்கு வந்த மனிதர். வழியெல்லாம் எனக்குச் சொல்ல வைத்திருந்ததை வாசலிலேயே மறந்துவிட்டுப் பிள்ளையைப் பார்த்தார். டாக்டர் அவருக்கும் அதையே இன்னொரு முறை சொன்னார். அவர் கேட்டுவிட்டு, சட்டைப் பையிலிருந்து அந்தத் திருவொற்றியூர்க் காகிதத்தை எடுத்து நீட்டினார். நேர்த்திக்கடனைச் செலுத்தும்போது மாதாவிடம் காட்டவென்று எடுத்து வந்திருக்கிறார்.

"இதுல இல்லன்னு கீது சார். வேற மிஷின்ல ஒரு தபா பாருங்க சார்."

"மிஷின் இல்லைங்க. நான் என் கண்ணால பார்த்துச் சொல்றேன்" என்றார் டாக்டர்.

இந்த மனிதரை என்ன சொல்லித் திட்டுவது என்று தேடினேன், போதுமான அளவுக்கு ஒரு சொல்லும் அகப்படவில்லை. கோபத்தில் பிள்ளையிடம் திரும்பினேன். எவ்வளவு நாளாகத் தெரியவில்லை, ஏன் வாயைத் திறந்து சொல்லவில்லை என்று கேட்டேன்.

அப்பாவைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"ஒரு பக்கம் பனி மாரி கீது நைனா. நான் சொல்லலாம்னுதான் இருந்தேன். நீ எல்லாராண்டயும் எனக்கு ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்லன்னு சொல்லிக்கினு இருந்தியா. சொன்னா நீ அழுவன்னு சொல்லல."

அவர் காகிதத்தை மடிக்கவும் இல்லை, பையில் வைக்கவும் இல்லை. பிள்ளை உட்கார்ந்திருந்த ஸ்டூலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார். பின்னால் காத்திருந்தவர்களுக்கு வழி விடச் சொல்லி நர்ஸ் இரண்டு முறை கூப்பிட்டாள். அவர் எழுந்திருக்கவில்லை. பிள்ளைதான் ஸ்டூலிலிருந்து இறங்கி, அவர் முகத்தைத் தன் இடது கண்ணின் பக்கமாகத் திருப்பி, அழுகிறாரா என்று பார்த்தாள்.